ஒருமுறை கட்டிய பணம், இரண்டு ஆர்டர்: வெப்ஹூக்கைக் கவனியுங்கள்

வணக்கம் நண்பரே, ஏற்காட்டுக் காபித்தூள் விற்கும் உங்கள் தளத்தில் ஒருவர் ஒருமுறைதான் பணம் கட்டியிருக்கிறார், ஆனால் இரண்டு ஆர்டர் பதிவாகி இரண்டு பார்சலும் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். காரணம் நீங்கள் போட்ட லாகிலேயே (சர்வரின் பதிவு) இருக்கிறது. பில் பிடிஎஃப் தயாரித்து, மெயிலும் அனுப்பி முடித்த பிறகுதான் வெப்ஹூக்குக்கு (பணம் வந்ததும் உங்கள் சர்வருக்குத் தானாக வரும் அறிவிப்பு) 200, அதாவது 'கிடைத்தது' என்ற பதில் தருகிறீர்கள், அதற்கு 8 விநாடி ஆகிறது. பணத்தை வசூலித்துத் தரும் ரேசர்பே 5 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, அதே அறிவிப்பை 24 மணி நேரம் வரை விட்டு விட்டு அனுப்பும். மறுபடி வந்ததையும் உங்கள் தளம் புதிய ஆர்டராகப் பதிவு செய்துவிடுகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்கு நான் எழுதிய தளத்திலும் இதே சிக்கல் வந்தது. வெள்ளிப் பொருள் என்பதால் கடைக்காரர் பதறிவிட்டார், எனக்கும் அன்று தூக்கமில்லை.

முதலில் அறிவிப்பு ரேசர்பேயிடமிருந்துதான் வந்ததா என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபாருங்கள், அதுவும் ஜேசனை (அறிவிப்பின் தரவு வடிவம்) பிரிப்பதற்கு முன் வந்த மூல உரையை வைத்தே. அப்புறம் ஹெட்டரில் வரும் ஈவென்ட் ஐடியை (அந்த அறிவிப்பின் அடையாளம்) யுனிக் கட்டுப்பாடுள்ள, அதாவது ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகாத டேபிளில் சேமித்து, உடனே 200 கொடுத்துவிடுங்கள். பில், மெயில் எல்லாம் பின்னணியில் ஓடும் வேலை வரிசையான கியூவுக்குப் போகட்டும். ஆர்டர் டேபிளிலும் பேமென்ட் ஐடியை யுனிக் ஆக்குங்கள், இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். தொகை பைசாவில் வரும், 450 ரூபாய் என்றால் 45000. அறிவிப்புகள் வரிசை மாறியும் வரலாம், அதனால் 'பணம் வந்தது' என்று ஆன ஆர்டரைப் பழைய நிலைக்குத் திருப்பாதீர்கள்.

மாற்றிய பிறகும் இரட்டிப்பானால் புதிய லாகைப் போடுங்கள், பார்க்கிறேன்.