மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பெட்டி எதற்கு?

கேள்வி: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். மூத்தவளுக்கு 8 வயது, அடுத்தவனுக்கு 6, கடைக்குட்டிக்கு மூன்றரை. ஆளுக்கொரு வகுப்புத் தொகுப்பு (ஒரு வகுப்பின் எல்லாப் பாடப் புத்தகமும் அடங்கிய பெட்டி) வாங்கியே ஆக வேண்டும், மூன்றையும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி உண்டு என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். மூன்று பேரோடும் தனித்தனியாக உட்கார என்னால் முடியுமா என்று பயமாக இருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: முடியாது. யாராலும் முடியாது. ஒரு வகுப்புத் தொகுப்பைப் பிரித்தால் உள்ளே ஐந்து பாடமாவது இருக்கும். மூன்று பேருக்கு நாளொன்றுக்குப் பதினைந்து. பாடத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 5 மணி நேரம் நீங்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கடைக்குட்டியைத் துரத்தும் நேரம் இதில் சேராது. மூன்றாவது வாரம் பெட்டி பரணுக்குப் போய்விடும். ஒரே வயதுள்ள முப்பது பேரை ஓர் அறையில் உட்கார வைத்து நடத்துவதற்குப் போட்ட கணக்கைத்தான் 'ஹோம்ஸ்கூல் கிட்' என்று பெயர் மாற்றி உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

நீங்கள் வாங்க வேண்டியது இவ்வளவுதான். மூத்தவளுக்கும் அடுத்தவனுக்கும் கணக்கு தனித்தனி, வாசிப்பும் எழுத்தும் தனித்தனி. அறிவியல், வரலாறு, பூகோளம், கதை, கைவேலை எல்லாவற்றுக்கும் இருவருக்கும் சேர்த்து ஒரே தொகுப்பு. மூன்றரை வயதுக்கு ஒன்றும் வேண்டாம்.

இந்த இரண்டு மட்டும் ஏன் தனி? கணக்கில் ஒரு படி தவறினால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. வாசிப்பை 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எளிமையாகப் பிரித்துக் காட்டினார்கள்: எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்பதைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கி வருவதுதான் வாசிப்பு. உங்கள் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆறு வயதுப் பையனால் தானாகப் படிக்க முடியாத புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டினால் பெரும்பகுதி அவனுக்குப் புரியும். ஆகவே படித்துக் காட்டி நடத்தும் பாடம் எல்லாவற்றையும் சேர்த்தே நடத்தலாம். எழுத்துக் கூட்டும் பாடத்தை அப்படிச் சேர்க்க முடியாது.

கணக்குப் புத்தகம் எடுக்கும்போது அட்டையில் உள்ள வகுப்பு எண்ணை நம்பாதீர்கள். ஒரு தொடரின் 3-ஆம் நிலை வேறொரு தொடரின் 2-ஆம் நிலைக்குச் சமமாக இருக்கும். பிள்ளை எந்த நிலையில் தொடங்கலாம் என்று பார்க்கும் நிலைத்தேர்வைப் பல பதிப்பாளர்கள் தங்கள் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். மகள் எந்த நிலையில் இருப்பாள் என்று நினைக்கிறீர்களோ, அதற்கு ஒரு படி கீழே உள்ள புத்தகத்தின் இறுதித் தேர்வைக் கொடுங்கள். 20 கேள்வியில் 16 சரியாக வந்தால் அடுத்த நிலையைத் தொடங்கலாம். 12-க்குக் கீழே போனால் இன்னொரு படி இறங்குங்கள். இடைப்பட்டு நின்றால், தவறியவை எந்த அத்தியாயத்துக் கேள்விகள் என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்துவிட்டு மேலே போகலாம்.

மதிப்பெண்ணைவிட முக்கியம், தவறு எப்படி வந்தது என்பது. 52-இல் 27 போக 35 என்று அவள் எழுதினால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். இடமதிப்பு இன்னும் மனதில் உட்காரவில்லை. இதற்காக ஒரு வருடம் பின்னால் போக வேண்டாம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டு ஐந்து, உதிரி இரண்டு எடுத்து வைத்து, "இதிலிருந்து 27 குச்சி கொடு" என்று கேளுங்கள். உதிரியில் ஏழு இல்லை என்பதால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. ஏழு உதிரியும் இரண்டு கட்டும் கொடுத்தபின் கையில் 25. இரண்டு மூன்று நாள் இப்படிக் குச்சியில் செய்யட்டும், அப்புறம் படமாக வரையட்டும், எண்ணாக எழுதுவது கடைசியில். பொருள், படம், எண் என்ற இந்த வரிசை 1960-களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் வகுத்துக் கொடுத்தது. இதைத் தாண்டி நேரே எண்ணில் குதிக்கும் புத்தகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சிறு பிள்ளைக்கு ஆகாது.

கணக்குத் தொடர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லாத் தலைப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பத் தொட்டுச் செல்லும். மற்றது, ஒரு தலைப்பை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். இரண்டும் வேலை செய்யும். வருட நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவதுதான் கேடு. பழைய புத்தகம் பின்னத்தைக் கடைசிக்கு ஒதுக்கியிருக்கும், புதியதோ அதை முதல் மாதமே முடித்திருக்கும். பிள்ளை பின்னத்தையே பார்க்காமல் ஒரு வருடத்தைக் கடந்துவிடும்.

இன்னொரு சின்னக் கணக்கு. 36 வாரம், வாரம் 5 நாள் என 180 பாடமாகத்தான் பல தொகுப்புகளைப் பிரித்திருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளோடு வாரம் 4 நாள்தான் ஒழுங்காக ஓடும். 144 வரும், 36 பாடம் குறையும். பயப்பட ஒன்றும் இல்லை. திருப்புதல் பாடங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள், புரிந்துவிட்ட பயிற்சியில் ஒற்றைப்படைக் கணக்குகளை மட்டும் போடச் சொல்லுங்கள்.

வாசிப்பு மகனுக்கு. ஆங்கிலம் என்றால் 26 எழுத்து, சுமார் 44 ஒலி. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும் ஃபோனிக்ஸ் முறை கூடுதல் பலன் தருகிறது என்று 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. இருந்தும் படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க வைக்கும் புத்தகங்கள் இன்னும் கட்டுக்கட்டாக விற்கின்றன. சோதிப்பது எளிது: படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். பையன் திணறினால் அதுவரை அவன் செய்தது மனப்பாடம்.

தமிழ் என்றால் வேறு பொறி. முதல் பக்கத்திலேயே 247 எழுத்தையும் அட்டவணையாகப் போட்டு ஒவ்வொன்றையும் தனிப் படமாக மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகத்தை வாங்காதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-உம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறப்பவை. கால், கொம்பு, சுழி என்று துணையெழுத்தின் வழியாகச் சொல்லிக்கொடுத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். கு, டு, து, நு என வடிவம் மாறும் உகர ஊகார வரிசைகளை மட்டும் தனியாகப் பழக்க வேண்டும். புத்தகத்தின் தரத்தைக் 'கெ' உள்ள பக்கத்தில் பாருங்கள். கொம்பை முதலில் எழுதுகிறோம், அதன் ஒலி வருவதோ க்-க்குப் பிறகு. 'கொ' இன்னும் மோசம்: முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் க. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் பழகிய பிள்ளை முட்டிக்கொள்ளும் இடம் இது. இதற்கென்று தனிப் பாடமும் இரண்டு பக்கப் பயிற்சியும் இல்லாத புத்தகத்தை எழுதியவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

சேர்த்து நடத்தும் பாடங்களுக்கு மூத்தவளின் நிலைக்குச் சற்றே கீழான தொகுப்பை எடுங்கள். விதை முளைப்பது பாடம் என்றால் இருவருக்கும் ஈரப் பஞ்சில் ஒரே பயறு. அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கோலால் அளந்து சென்டிமீட்டரில் குறித்து வரைபடம் போடுவாள். அவன் படம் வரைந்து ஒரு வாக்கியம் சொல்வான், அதை நீங்கள் எழுதிக்கொடுங்கள். 30 நிமிடம் போதும். மகளுக்குத் தனியாக 45, மகனுக்கு 35. ஆக இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றரை வயதுக்குக் கோடு ஒட்டி எழுதும் தாள்களை வாங்கிக் குவிக்காதீர்கள், அந்தக் கைக்கு இன்னும் பென்சில் பிடிக்கும் தெம்பு வரவில்லை. 1 முதல் 20 வரை கடகடவென்று சொல்வாள், "நாலு கரண்டி எடுத்து வா" என்றால் கை நிறைய அள்ளி வருவாள். அந்த நான்கு கரண்டிதான் அவள் பாடத்திட்டம். மற்றபடி களிமண், கிளிப், ஊற்றி விளையாடக் கிண்ணம். மூத்தவர்களின் கணக்குச் சாமான்களில் சின்னக் காந்தத் துண்டு இருந்தால் மட்டும் அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலில் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும்.

இப்போது உங்கள் ஆலோசகர் விஷயத்துக்கு வருவோம். இவர்களில் பலர் பதிப்பகத்திடம் கமிஷன் வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. உங்கள் பிள்ளை 'பார்த்துக் கற்பவளா, கேட்டுக் கற்பவளா, செய்து கற்பவளா' என்று ஒரு சோதனை வைத்து, அதற்கேற்ற பெட்டி இது என்று எடுத்துக் கொடுப்பார்கள். பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் இதை அலசி, இப்படி வகை பிரித்துக் கற்பிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. இதைவிடக் கொடுமை, விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் அறிவு வகையைச் சொல்வது. அதற்கும் அறிவியலுக்கும் சம்பந்தமே கிடையாது. அச்சடித்த முப்பது பக்க அறிக்கை கையில் வந்தால் பெற்றோர் மயங்கிவிடுகிறார்கள்.

'அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டம்' என்ற சொல்லுக்கும் ஏமாறாதீர்கள். அங்கீகாரம் என்பது பள்ளிக்கோ வாரியத்துக்கோ கொடுப்பது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டி பிள்ளைக்குச் சான்றிதழ் தராது. பொருள்களைக் கையாண்டு கற்கும் முறையான 'மாண்டிசோரி'யின் பெயரையும் பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். மரத்தில் செய்தால் மாண்டிசோரி ஆகிவிடாது. வீட்டுப்படிப்புக்கு அனுமதியோ பதிவோ தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை அரசு விதியில் நீங்களே பாருங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் பல வீடுகளில் பின்னால் இடிப்பது இதுதான். ஓரிரு வருடத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எண்ணம் துளியாவது இருந்தால், கணக்கிலும் மொழியிலும் மேலே சொன்ன சுதந்திரம் உங்களுக்கு இல்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் குறைவு. பிறந்த தேதியைக் கூட்டிக் கழித்து வகுப்பு எண்ணைப் போட்டுவிடுவார்கள், நிரப்பச் சொல்லும் படிவத்தில் வேறெதற்கும் கட்டமே இருக்காது. நான்காம் வகுப்பு வயதில் ஐந்தாம் வகுப்புக் கணக்கும் மூன்றாம் வகுப்பு எழுத்தும் தெரிந்த பிள்ளையை எங்கே வைப்பது என்று அந்த அமைப்புக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆகவே, சேர்க்க நினைக்கும் பள்ளியின் கணக்கு, மொழிப் புத்தகங்களின் பொருளடக்கத்தை முதலிலேயே வாங்கிவைத்து, உங்கள் புத்தகத்தில் எந்தத் தலைப்பு எப்போது வருகிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வராத தலைப்புகளுக்குக் கடைசி ஆறு மாதத்தை ஒதுக்குங்கள். அறிவியலையும் வரலாற்றையும் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றைப் பிள்ளைகள் விரைவில் எட்டிப் பிடித்துவிடும். வீட்டில் படித்த பிள்ளை பள்ளியில் தடுமாறுவது வேறு இடங்களில்: பலகையைப் பார்த்து எழுதுவது, சொல்வதை எழுதுவது, மணி அடிப்பதற்குள் முடிப்பது. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு பலகையில் ஆறு வரி எழுதிவைத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள், வாரம் இரண்டு முறை. வாரத்துக்கு ஒரு தாள் வீதம் பாடவாரியாகத் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். சேர்க்கை அறையில் நீங்கள் சொல்வதைவிட அந்தக் கோப்புக்குத்தான் மதிப்பு.

வாங்கும்போது, ஆசிரியர் கையேடும் பயிற்சிப் புத்தகமும் ஒரே பதிப்புதானா என்று சரிபாருங்கள். பழைய கையேட்டோடு புதிய பயிற்சிப் புத்தகம் வந்தால் பக்க எண்ணும் விடையும் ஒத்துவராது. எழுதித் தீர்க்கும் புத்தகத்தை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பாடப் புத்தகமும் கையேடும் ஒன்று போதும், அடுத்தவனுக்கு அதுவே ஆகும். ஆப் என்றால் கட்டணம் குடும்பத்துக்கா, தலைக்கா, தானாகப் புதுப்பித்துப் பணம் எடுக்குமா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள். முதலில் கணக்கும் வாசிப்பும் மட்டும் வாங்கி ஆறு வாரம் நடத்திப் பாருங்கள். மற்றது அப்புறம்.

ஆலோசகரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த விற்பனையில் உங்களுக்குப் பங்கு உண்டா? கணக்கு மட்டும் தனியாகக் கிடைக்குமா? உறை பிரித்த பிறகு நிலை பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா? தள்ளுபடி இன்று மாலையோடு முடிகிறது என்று பதில் வந்தால், மாலை வரை காத்திருந்து அது முடிந்த பிறகு போனை எடுங்கள்.