நன்றாக ஆடுகிற 33 பேரை எடுத்தால் போதாதா? ரக்பி அணித் தேர்வுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

கேள்வியைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. உலகக் கோப்பைக்கு முன்னால் ரக்பி அணியை அறிவித்தால் ஊரே ஏன் இரண்டுபடுகிறது, இருப்பதிலேயே நல்ல 33 பேரை எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் தென்னாப்பிரிக்காவுக்கோ நியூசிலாந்துக்கோ புதிதாக வேலைக்கு வந்தவர். இதையே மதியச் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுக் கேட்டிருப்பீர்கள். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். விடுங்கள், எனக்கும் அது நடந்திருக்கிறது.

நான் ஜோஹன்னஸ்பர்க்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ரக்பி ஆடியதில்லை, ஆடுகிற உடம்பும் இல்லை. "ஆடாதவனுக்கு என்ன பேச்சு" என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு ஐபிஎல் ஏலத்துக்கும் ராத்திரி முழுக்க தீர்ப்புச் சொல்கிற நம்மில் எத்தனை பேர் ரஞ்சி ஆடியிருக்கிறோம்?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். களத்தில் 15 பேர், பெஞ்சில் 8 பேர், ஆக ஒரு ஆட்டத்துக்கு 23. அந்த 8 பேரில் மூன்று பேர் ஸ்க்ரம்மின் (இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவது) முன்வரிசைக்குப் பழகியவர்களாக இருந்தே ஆக வேண்டும்: இடது ப்ராப், வலது ப்ராப், நடுவில் ஹூக்கர். பழக்கம் இல்லாதவன் அங்கே தலையைக் கொடுத்தால் கழுத்து போய்விடும், அதனால்தான் இந்த விதி. மேளக்கச்சேரியில் நாகஸ்வரக்காரர் வராவிட்டால் தவில்காரரிடம் கொடுத்து ஊதச் சொல்ல முடியாதே, அந்த மாதிரி. இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஆளும், ஆளுக்கு மாற்று ஆளும் போட்டுக்கொண்டே வந்தால் 33 என்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி இரண்டு மூன்று இடங்கள் வரும்போது "யார் நல்ல ஆட்டக்காரர்" என்ற கேள்வியே இருக்காது. எந்த இடத்தில் ஆபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி. சண்டை முழுக்க அந்த இரண்டு மூன்று இடங்களுக்காகத்தான்.

இனி என் கதை. 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி உலகக் கோப்பைக்கான ஸ்பிரிங்பாக் அணியை, அதாவது தென்னாப்பிரிக்க அணியை, அறிவித்தார்கள். பயிற்சியாளர் ஜாக் நீனாபர், அவருக்கு மேலே ராசி எராஸ்மஸ். 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தனியாளாக 22 புள்ளி எடுத்த ஃப்ளை-ஹாஃப் (ஆட்டத்தை நடத்துகிறவர், பெரும்பாலும் புள்ளிக்கு உதைக்கிறவரும் அவர்தான்) ஹான்ட்ரே பொல்லார்ட் பட்டியலில் இல்லை, கெண்டைக்கால் காயம். லுகான்யோ ஆம் (Am) என்பவரும் இல்லை, முழங்கால் காயம். ஆனால் ஸ்க்ரம்-ஹாஃப் (ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கிறவர்) மட்டும் நான்கு பேர்! ஃப்ளை-ஹாஃப் என்று சொல்லிக்கொள்ள மானி லிபோக் ஒருவர், அவசரத்துக்கு டேமியன் வில்லெம்ஸ. முழுநேர ஹூக்கர்கள் இரண்டே பேர், மால்கம் மார்க்ஸும் போங்கி எம்போனாம்பியும். மூன்றாவது ஹூக்கராகக் கணக்குக் காட்டியது டியான் ஃபூரியை. அவர் ஒரு காலத்தில் ஹூக்கராக இருந்து ஃப்ளாங்கராக (ஸ்க்ரம்மின் ஓரத்து ஆள்) மாறியவர், 35 வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர்.

எங்கள் அலுவலகம் அன்றே கொதித்தது. நிஜமான கலவரம் வந்தது அடுத்த மாதம். ஸ்காட்லாந்தை 18-3 என்று ஜெயித்த கையோடு மார்க்ஸ் பயிற்சியில் முழங்காலை உடைத்துக்கொண்டார், தொடரிலிருந்தே அவுட். உலகத்தின் மிகச் சிறந்த ஹூக்கர்களில் ஒருவர் அவர். ஒரு ஹூக்கர் போனால் இன்னொரு ஹூக்கரைத்தானே கூப்பிடுவார்கள்? ஜோசப் ட்வெபா என்ற ஹூக்கர் வீட்டில்தான் இருந்தார். இவர்கள் பொல்லார்டைக் கூப்பிட்டார்கள். காலால் உதைக்கிறவரை!

எங்கள் மேலாளர் ஆப்பிரிக்கானர் (டச்சு வழி வந்த இந்த ஊர் வெள்ளையர்), பல்கலைக்கழக அணியில் ஹூக்கராக ஆடியவர். காது இரண்டும் கசங்கிப்போய் பழைய வடை மாதிரி இருக்கும், ஸ்க்ரம்மில் உரசி உரசி அப்படி ஆனது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நெட்வொர்க் டீமில் இருக்கிற உயரமான பையனை அறையின் அந்தக் கோடியில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் தலைக்குப் பின்னால் பிடித்து எறிந்து காட்டினார். பந்து ஓரக்கோட்டைத் தாண்டிப் போனால் திரும்ப உள்ளே எறிவதுதான் லைன்-அவுட், எறிகிறவர் வழக்கமாக ஹூக்கர். பந்து குறைந்தது ஐந்து மீட்டர் போக வேண்டும், நேராகவும் போக வேண்டும், ஒருவன் அந்தரத்தில் தூக்கப்படுகிற அதே நொடியில் அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். "இதை ஒரு ஃப்ளாங்கர் இறுதி ஆட்டத்தில் செய்வானா?" என்றார். இரண்டாவது பாட்டில் ப்ரொஜெக்டரில் பட்டது. அது வேறு விஷயம்.

நான்தான் எதிர்த்துப் பேசினேன், அறையில் நான் ஒருத்தன்தான். 1995 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் 15-12, பதினைந்தையும் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்தே எடுத்தார். 2019 அரையிறுதி வேல்ஸோடு 19-16, கடைசி நிமிடங்களில் பொல்லார்ட் உதைத்த பெனால்டி (எதிரணி தவறு செய்தால் கிடைக்கிற உதை, கம்பத்துக்கு நடுவே போனால் 3 புள்ளி). இந்த அணி பெரிய ஆட்டங்களை இரண்டு மூன்று புள்ளியில்தான் ஜெயிக்கிறது, அதற்கு உதைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், லைன்-அவுட் இரண்டு தவறினாலும் பரவாயில்லை என்றேன். மேலாளர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நீ கிரிக்கெட் நாட்டுக்காரன், ஸ்கோர்கார்டைப் படித்துவிட்டுப் பேசுகிறாய்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அது உறைத்தது, மறுக்கவில்லை. இன்றைக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 23 அயர்லாந்து ஆட்டம். இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 இங்கே லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருஷம். அப்போது நான் குடியிருந்த வீட்டுக்காரர், இன்வெர்ட்டர் வைத்துத் தருகிறேன் என்று வாடகையோடு மாதா மாதம் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தார். வைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் இணைத்திருந்தது சமையலறை விளக்கும் வெளிவாசல் கேட்டும் மட்டும். கூடத்தில் டிவி இருக்கிற ப்ளக்குக்கு இணைப்பு இல்லை! கேட்டால் "டிவி அத்தியாவசியம் இல்லையே" என்பார். அவர் வீட்டு டிவி ஓடுகிற சத்தம் சுவர் வழியே கேட்கும். அன்றைக்கும் கரண்ட் போய், முதல் பாதியை செல்போனில் விட்டு விட்டுப் பார்த்தேன். காலி செய்தபோது அட்வான்ஸில் "இன்வெர்ட்டர் பராமரிப்பு" என்று வேறு பிடித்துக்கொண்டார். ஜோபர்க்கில் வீடு தேடுகிறவர்கள் எந்தெந்த ப்ளக்குக்கு இணைப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். 13-8, தோல்வி. லிபோக்கும் ஃபாஃப் டி க்ளெர்க்கும் சேர்ந்து உதையில் தவறவிட்டது 11 புள்ளி. பொல்லார்ட் அணியில் சேர்ந்திருந்தார், அன்று ஆடவில்லை. பெஞ்சில் 7 பேர் ஸ்க்ரம்மில் தள்ளுகிற முன்களத்தார், பின்களத்தார் ஒரே ஒருவர் என்ற அந்த விநோத ஏற்பாடு வேறு. அடுத்த திங்கட்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை, திறக்க வேண்டிய தேவையும் இல்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலிறுதியில் பிரான்ஸோடு 29-28. அரையிறுதியில் இங்கிலாந்தோடு லிபோக்கை 31ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டு பொல்லார்டை இறக்கினார்கள். 15-6 என்று பின்தங்கி இருந்து, ஆர்ஜி ஸ்னைமன் ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவது, 5 புள்ளி) போட்டு, 77ஆவது நிமிடத்தில் ஆக்ஸ் என்சே ஸ்க்ரம்மில் பிடுங்கிக் கொடுத்த பெனால்டியை ஏறக்குறைய 49 மீட்டரிலிருந்து பொல்லார்ட் உதைத்தார். 16-15. வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

அக்டோபர் 28, இறுதி ஆட்டம், நியூசிலாந்து. மேலாளர் வீட்டில் ப்ராய் (அடுப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிடுகிற விருந்து), எங்கள் டீம் முழுக்க அங்கே. ஆட்டம் ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்துக்குள் எம்போனாம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மிச்சமிருந்த ஆட்டம் முழுக்க 37 வயது ஃபூரி ஹூக்கர். மேலாளர் கையில் இருந்த இடுக்கியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார், ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் போர்வோர்ஸ் தொத்திறைச்சி கருகியதை யாரும் கவனிக்கவில்லை. அவர் பயந்தபடியே லைன்-அவுட் தடுமாறியது. மழை வேறு. ஒவ்வொரு எறிக்கும் "பார்த்தாயா, பார்த்தாயா" என்றார். நியூசிலாந்துக் கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயும்கூட இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளி எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மோஉங்கா ஒரு கன்வர்ஷனையும் (ட்ரைக்கு அப்புறம் 2 புள்ளிக்கு உதைப்பது) ஜோர்டி பாரெட் ஒரு பெனால்டியையும் தவறவிட்டார்கள். கடைசியில் 12-11. பன்னிரண்டும் பொல்லார்டின் நான்கு பெனால்டி.

அன்றைக்கு யார் சொன்னது சரி என்கிறீர்கள்? "உதைக்கிறவன் இல்லாவிட்டால் கோப்பையே இல்லை" என்பேன் நான். "இன்னொரு ஹூக்கர் இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டுக்கு அப்புறமும் புள்ளி வந்திருக்கும், நகத்தைக் கடித்திருக்க வேண்டியதில்லை" என்பார் அவர். ஒரே ஆட்டம், இரண்டு பேருக்கும் சாட்சி சொல்கிறது. அணித் தேர்வுச் சண்டை முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு யாரையாவது எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆடிப் பார்க்க வழி இல்லையே.

லிபோக்கை நான் மட்டம் தட்டுகிறேன் என்று யாராவது வருவீர்கள், தெரியும். இல்லவே இல்லை. ஸ்காட்லாந்துக்கு எதிராக, எங்கேயோ பார்த்துக்கொண்டு வலது ஓரத்தில் இருந்த அரென்ட்ஸவுக்கு உதைத்துக் கொடுத்தாரே, அதை பொல்லார்டால் செய்திருக்க முடியாது.

இன்னொரு கும்பல், "கோட்டாவைப் பற்றி, அதாவது அணியில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கான ஒதுக்கீட்டைப் பற்றி, ஏன் பேசவில்லை" என்று கேட்கும். பேசுகிறேன், ஆனால் சுருக்கமாக. 1995இல் கோப்பை வென்ற அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். 2019, 2023 இரண்டிலும் கேப்டன் கறுப்பினத்தவரான சியா கொலிசி. 2019 இறுதியில் விழுந்த இரண்டு ட்ரையும் வெள்ளையர் அல்லாத மபிம்பியும் கோல்பேயும் போட்டவை. தகுதி இல்லாதவர்களை இழுத்துப் போட்டு ஒரு நாடு அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கிவிட முடியுமா? இதற்கு மேல் அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அங்கிள் இருக்கிறார். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், பெயர் அசல் தமிழ்ப் பெயர், தமிழ் பேச வராது, என்னை மட்டும் "தம்பி" என்பார். அவர் சின்ன வயதில், அந்த நிறவெறிக் காலத்தில், ஸ்பிரிங்பாக் எதிரணி எதுவோ அதற்குத்தான் கைதட்டுவார்களாம். அந்தப் பழக்கத்தில் இன்றும் அவர் ஆல் பிளாக்ஸ், அதாவது நியூசிலாந்து அணியின் ரசிகர். எங்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் 2011 உலகக் கோப்பைக் கதையைச் சொன்னார். நியூசிலாந்தின் ஃப்ளை-ஹாஃப் டான் கார்ட்டர் காயத்தில் வெளியே போனார், மாற்று ஆள் காலின் ஸ்லேடும் காயத்தில் போனார், அவருக்கும் மாற்றாக வந்த ஆரன் க்ரூடன் இறுதி ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்காலோடு போனார். அப்போது இறங்கியது ஸ்டீபன் டொனால்ட். முந்தைய வருஷம் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதற்கு ஊரே திட்டித் தீர்த்த ஆள், முதலில் அறிவித்த அணியில் இல்லாதவர். பயிற்சியாளர் கூப்பிட்டபோது வைக்காட்டோ ஆற்றில் சின்ன மீன் பிடித்துக்கொண்டிருந்தாராம். கையில் கிடைத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, வயிறு தெரியத் தெரிய ஓடி வந்து அவர் உதைத்த பெனால்டியில்தான் பிரான்ஸை 8-7 என்று ஜெயித்து, 24 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை வந்தது. "முதல் பட்டியலுக்கு அடித்துக்கொண்டவன் ஒருத்தனாவது அந்தப் பேரைச் சொன்னானா தம்பி?" என்றார் அங்கிள்.

அதனால் 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் கோப்பை ஆரம்பிப்பதற்கு முன் பட்டியல் வரும்போது, நட்சத்திரப் பெயர்களைத் தேடாதீர்கள். ஹூக்கர் எத்தனை, உதைக்கிறவர் எத்தனை, இரண்டு இடத்தில் ஆடுகிறவர் யார் என்று எண்ணுங்கள். அதை மதியச் சாப்பாட்டில் சொல்லுங்கள், குறைந்தபட்சம் யாரும் சிரிக்க மாட்டார்கள். எங்கள் மேலாளர் இப்போதே அறிவித்துவிட்டார், மூன்று முழுநேர ஹூக்கர் இல்லாவிட்டால் இந்தத் தடவை டிவியே போடமாட்டாராம். போடுவார்.