பூனைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மூன்று வயது ஆண் பூனை வளர்க்கிறோம். கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது, வெளியே விடுவதில்லை. எடை ஐந்தரை கிலோ. நாலே கால் கிலோ இருந்தால் போதும் என்கிறார் டாக்டர். தட்டில் எப்போதும் டிரை ஃபுட் இருக்கும். தீர்ந்தால் கத்தும், உடனே நிரப்புவோம். 3 கிலோ பை ஒரே மாதத்தில் காலியாகிறது. "காசிமேட்டில் காரப்பொடி மீன் வாங்கி வேகவைத்து சோற்றில் பிசைந்து போடு, காசு மிச்சம்" என்கிறார் அம்மா. எவ்வளவு கொடுப்பது, எத்தனை வேளை?

பதில்: மாதம் 3 கிலோ என்றால் நாளொன்றுக்கு 100 கிராம். பெரும்பாலான டிரை ஃபுட்டில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும், கருத்தடை ஆன நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 200 முதல் 240 கலோரிதான். அதாவது 55 முதல் 60 கிராம். கிட்டத்தட்ட இரண்டு பூனைகளின் சாப்பாட்டை உங்கள் பூனை ஒண்டியாகச் சாப்பிடுகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு பூனையின் தேவை குறையும், பசி கூடும். அதனால் தட்டை நிரப்பி வைத்துவிட்டு "வேண்டியதைத் தின்னட்டும்" என்று விடுவது இந்தப் பூனைக்கு ஒத்துவராது. பையின் பின்னால் இருக்கும் அட்டவணையிலும் இப்போதைய எடையைப் பார்க்காதீர்கள். இருக்க வேண்டிய எடைக்கு நேராகப் பாருங்கள், அதிலும் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். டம்ளரால் அளந்தால் ஒவ்வொரு கை அளவும் ஒரு மாதிரி வரும். சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். பூனைக்காக நீங்கள் செய்யும் செலவில் உருப்படியானது அதுதான்.

ஆனால் நாளைக்கே 60 கிராமுக்கு இறக்கிவிடாதீர்கள். வாரத்துக்குப் பத்து கிராமாகக் குறையுங்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வாரத்துக்கு 50 முதல் 100 கிராம் எடை இறங்கினால் போதும். 60 கிராமுக்கு வந்தும் இறங்கவில்லை என்றால், அதற்கு மேல் எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வேளை? காலையில் பாதி, இரவில் பாதி. விடியற்காலையில் எழுப்பித் தொல்லை செய்தால் அதே 60 கிராமை நாலாகப் பிரித்துக் கொடுங்கள். ஆனால் கத்தும்போது போடவே போடாதீர்கள். கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

அம்மா சொல்வதில் பாதி சரி. காரப்பொடி நல்ல மீன்தான், ஆனால் மீனும் சோறும் மட்டுமே சாப்பாடாகிவிடக் கூடாது. பூனையின் உடலுக்கு டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானே தயாரிக்கத் தெரியாது. அது உணவில் குறைந்தால் நாளடைவில் பார்வையும் இதயமும் கெடும். மீனில் டாரின் உண்டு, வேகவைத்தால் அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், சோற்றில் அது கிடையாது. பச்சையாகவும் போடாதீர்கள், சில மீன்கள் வைட்டமின் பி1-ஐ அழிக்கும். உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, 20 கிராம் அளவுக்குக் கொடுக்கலாம். அதற்கு டிரை ஃபுட்டில் ஐந்தாறு கிராம் குறையுங்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும். மீனே கதி என்று பழகிய பூனை வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்காது. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கலக்கும்.

பவுச்சில் வரும் ஈர உணவு வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். டிரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குதான். பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது குறைவு, நம் ஊர் வெயில் வேறு. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வரும் ஆபத்து உண்டு. முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே, அந்த மணி நேரத்திலேயே, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து டாக்டரிடமோ போக வேண்டும். 80 கிராம் பவுச் ஒன்று கொடுத்தால் டிரை ஃபுட்டில் சுமார் 20 கிராம் குறையுங்கள். வாங்கும்போது 'கம்ப்ளீட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 'காம்ப்ளிமென்டரி' என்றால் அது நொறுக்குத் தீனி, சாப்பாடு ஆகாது. பவுச்சில் புரதம் 9 சதவீதம், டிரை ஃபுட்டில் 32 என்று பார்த்து மலைக்காதீர்கள். 82 சதவீதத் தண்ணீரைக் கழித்தால் மீதி 18-ல் 9, அதாவது பாதி புரதம்.

கணக்குப்படி உங்கள் 3 கிலோ பை இனி 50 நாள் வரும். கடற்கரை ஈரக்காற்றில் திறந்த பையை அவ்வளவு நாள் வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். ஒன்றேகால், ஒன்றரை கிலோ பை வாங்கி, பையோடு டப்பாவில் இறுக மூடி வையுங்கள். கிலோ விலை கொஞ்சம் கூடத்தான்.

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு கடையில் கேட் ஃபுட்டைச் சாக்கிலிருந்து எடுத்து நிறுத்துத் தருகிறார்கள். பாக்கெட்டைவிட மலிவு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எந்தக் கம்பெனி, எப்போது தயாரித்தது, குட்டிக்கா பெரிய பூனைக்கா என்று எதுவும் தெரியாது. திறந்த சாக்கில் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், எறும்பும் பூச்சியும் ஏறும். கலோரி தெரியாமல் கிராம் கணக்கும் போட முடியாது. அப்படியும் வாங்குவதென்றால் சாக்கின் மேலிருக்கும் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்துவிடுங்கள். பாக்கெட்டில் தேதி அழித்திருந்தாலோ, அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லையும் பாக்கெட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.