0.8 ஓம் காயிலுக்கு எத்தனை வாட் வைப்பது?

கேள்வி: இருபது ஆண்டுகள் சிகரெட் பிடித்தபின், லண்டனில் மூன்று மாதங்களாக மின்சிகரெட் பயன்படுத்துகிறேன். 0.8 ஓம் மின்தடை உள்ள காயில் (coil, பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள்) போட்டு 25 வாட்டில் வைத்தால் இரண்டே நாளில் கருகல் வாடை அடிக்கிறது. காயிலின் மேல் 12–18 வாட் என்று அச்சிட்டிருக்கிறது, நண்பரோ 0.8 ஓம் 25 வாட்டைத் தாங்கும் என்கிறார். எதை நம்புவது?

பதில்: காயிலில் அச்சிட்டிருப்பதை நம்புங்கள். நண்பர் சொல்வது அவருடைய காயிலுக்குப் பொருந்தலாம். மெல்லிய குட்டைக் கம்பியையும் தடித்த நீளக் கம்பியையும் ஒரே 0.8 ஓமுக்குச் சுற்ற முடியும்; ஆனால் இரண்டாவதன் பரப்பு பெரிது, அதைத் தொட்டிருக்கும் பஞ்சும் அதிகம் என்பதால், அதே 25 வாட்டை அது சிரமமின்றி வாங்கிக்கொள்ளும். ஓம் எண்ணை மட்டும் வைத்து வாட்டைக் கணிப்பது இதனால்தான் பிழையாகிவிடுகிறது.

இட்லிப் பானையில் நீர் இருக்கும்வரை அடுப்பின் சூடு ஆவியாக வெளியேறிவிடும். நீர் வற்றினால் பானை தீய்ந்துவிடும். காயிலிலும் இதுவே நடக்கிறது. திரவத்திலுள்ள புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கின்றன. பஞ்சு நனைந்திருக்கும்வரை கம்பியின் வெப்பம் திரவத்தை ஆவியாக்குவதில் செலவாகிறது. பஞ்சு உறிஞ்சித் தரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் மிஞ்சினால் கம்பி சட்டென்று சூடேறிப் பஞ்சு கருகுவதோடு, திரவமும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப்பொருள்கள் உருவாகின்றன. ஆகவே கருகல் வாடையைச் சகித்துக்கொண்டு இழுப்பது கூடாது.

புதிய காயிலின் பஞ்சில் சில துளிகள் விட்டு, தொட்டியை நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருங்கள். 12 வாட்டில் தொடங்கி, ஏழெட்டு இழுப்புக்குப் பின் ஒரு வாட் ஏற்றிப் பாருங்கள். சுவை நிறைவாக வரும் இடத்தில், பெரும்பாலும் 14 அல்லது 15இல், நின்றுவிடலாம். 0.8 ஓமில் 15 வாட் என்றால் சுமார் 3.5 வோல்ட்தான். ஆவி சுட்டாலோ தொண்டை காந்தினாலோ ஒன்றிரண்டு வாட் இறக்குங்கள். கிளிசரின் 70 விழுக்காடு உள்ள திரவம் கெட்டியானது. இத்தகைய சிறு காயிலின் துளைகளில் மெதுவாகவே இறங்கும் என்பதால், பாதிக்குப் பாதி கலவையே உங்களுக்கு ஏற்றது. விடாமல் இழுக்காமல் இடையில் அரை நிமிடமாவது விடுங்கள்.

25 வாட்டுக்கு ஏற்றத் தோன்றியதன் காரணம் நிகோட்டின் போதாமையாகவும் இருக்கலாம் என்பது என் ஊகம். பிரிட்டனில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்வரை சட்டம் அனுமதிக்கிறது. நீங்கள் 3 அல்லது 6 மில்லிகிராம் திரவம் ஊற்றியிருந்தால், வாட்டை ஏற்றுவதைவிட அந்த அளவை உயர்த்துவதே முறை. புகையை நிறுத்த உதவும் உள்ளூர் சேவை மையத்தில் இதைக் கேட்டுக்கொள்ளலாம். (இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் விற்பனையும் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டுள்ளன, ஊருக்குப் போகும்போது இக்கருவியைக் கொண்டுபோக வேண்டாம்.)

இப்போது கருகிப்போன காயிலை எறிந்துவிடுங்கள். வாட்டைக் குறைத்தாலும் கருகிய பஞ்சின் வாடை போகாது.