டெல்லி கணேஷ் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன?

எனக்கு என் தாத்தாதான் நினைவுக்கு வருவார்.

நாங்கள் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். தாத்தா கூத்தில் பின்பாட்டுப் பாடியவர். கோடையில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடந்தால், விடிய விடிய வேஷக்காரருக்குப் பின்னால் இருந்து, அவர் விட்ட அடியை எடுத்துப் பாடுவார். வேஷக்காரருக்குத் தொண்டை கட்டினாலும் அடி மறந்தாலும் ஜனங்களுக்குத் தெரியாது, பின்பாட்டு தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் துரியோதனன் சாகிற படுகளம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த வேஷம் கட்டியவரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

டிவியில் 'மைக்கேல் மதன காமராஜன்' போட்டால் நாங்கள் எல்லோரும் கமலைப் பார்த்துச் சிரிப்போம். நாலு வேஷமாயிற்றே! தாத்தா மட்டும், "பக்கத்துல நிக்கற ஐயரப் பாருங்கடா, அவன்தான் சரியான பின்பாட்டுக்காரன்" என்பார். அந்தச் சமையல்காரர் பாலக்காடு மணி ஐயர்தான் டெல்லி கணேஷ். எதிரில் நிற்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற முகம் இல்லை அது. பதற்றம், பெருமை, வளர்த்த பிள்ளை மேல் பாசம் எல்லாம் கேட்கும்போதே அதில் வந்து போகும். இத்தனைக்கும் அவர் பாலக்காட்டுக்காரர்கூட இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வல்லநாடு.

மேடையில் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். அங்கே குளோசப் கிடையாது, வாய் மூடி நிற்கிற நேரத்திலும் ஆளை ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும். 1964 முதல் பத்து வருஷம் விமானப் படையில் இருந்தவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. பாலசந்தர் 1977இல் 'பட்டினப் பிரவேச'த்தில் நடிக்க வைத்து, கணேசனை டெல்லி கணேஷ் ஆக்கினார். விசுவின் நாடகம்தான் அந்தப் படம். பிழைக்க ஊரை விட்டுப் பட்டணம் போகிற குடும்பத்தின் கதை. பாதி ஊர் பெங்களூரில் கிடக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. 'நாயகன்' கொடுத்த ஐயர் வேஷம் நன்றாக அமைந்ததோ இல்லையோ, அப்புறம் சினிமா அவருக்குப் பூணூலைக் கழற்றவே விடவில்லை. அவருடைய பெரிய வேலை என்று நான் சொல்வது துரை இயக்கிய 'பசி' (1979). ஷோபாவின் அப்பா, ரிக்‌ஷா மிதிக்கிறவர். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. நானூறு படத்துக்கு மேல் நடித்த மனிதருக்கு அந்த மாதிரி இன்னும் பத்து வந்திருக்க வேண்டாமா?

2024 நவம்பர் 9 இரவு போய்ச் சேர்ந்தார். எண்பது வயது. விமானப் படையினர் வந்து மரியாதை செய்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் சொன்னேன். பெயரைச் சொன்னால் தெரியவில்லை. போட்டோவைக் காட்டியதும், "அட, அந்தச் சமையல்கார ஐயரா? ஐயோ பாவம்" என்றார். தாத்தாவும் இல்லை, வேறு யாரிடம் பேசுவது. செல்போனில் 'பசி'யைப் போட்டு அம்மா கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

அவர் வந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.