பரலில் நிற்கும் டீசல் எத்தனை மாதம் தாங்கும்?

கோப்பாயில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 24 குதிரைவலு உள்ள சிறிய உழவு இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டோடு 20 பரப்புத் தோட்டம், தென்மராட்சியில் 2 ஏக்கர் வயல். ஒட்டோ டீசல் நல்லதா, சுப்பர் டீசல் நல்லதா? செலவைக் குறைக்க மண்ணெண்ணெய் கலக்கலாமா? 200 லீற்றர் பரலில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்தால் என்ன? இவைதான் அவருடைய கேள்விகள். பரல் கிணற்றடி மாமரத்தின் கீழ் நிற்கிறதாம். போன போகத்து டீசல் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். இயந்திரத்தின் தாங்கியிலும் பழைய டீசல்தான் கிடக்கிறதாம்.

முதலில் பரலைப் பற்றிப் பேசுவோம். எந்த டீசல் என்று யோசித்து யோசித்து வாங்கிவிட்டு, வாங்கியதைக் கவனிக்காமல் விடுவதால்தான் இங்கே இயந்திரங்கள் அதிகம் பழுதாகின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது எண்ணெய் செட் வாசலில் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குக் கையில் இருப்பு வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அது நியாயம்தான். ஆனால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரொட்டவேட்டர் பூட்டி உழும்போது இந்த அளவு இயந்திரம் மணிக்கு 3 முதல் 4 லீற்றர் குடிக்கும். தோட்டமும் வயலும் சேர்த்து உங்களுக்கு மூன்றேகால் ஏக்கர். ஏக்கருக்கு 2 மணித்தியாலம் என்று வைத்து இரண்டு தரம் உழுதால் 13 மணித்தியாலம். அதற்கு 40 முதல் 50 லீற்றர் போதும். பெட்டி பூட்டி எருவும் நெல்லும் ஏற்றும் வேலையைச் சேர்த்தாலும் ஒரு போகம் 70 லீற்றருக்குள் முடிந்துவிடும். கூலிக்கு உழப் போகாவிட்டால் 200 லீற்றர் உங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும்.

அவ்வளவு காலம் டீசல் தாங்காது. 20 பாகை வெப்பநிலையில் ஒரு வருடம் வரை நல்லபடி இருக்கும் டீசல், 30 பாகையில் 6 மாதத்தைத் தாண்டினால் நிறம் கறுத்துப் பிசின் படியத் தொடங்கும். யாழ்ப்பாணத்து வெக்கைக்கு 6 மாதத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். பகல் வெயிலில் பரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து மூடி இடுக்கால் வெளியே போகும். பின்னேரம் குளிர்ந்து சுருங்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிமிர்த்தி வைத்த பரலின் மேல்விளிம்புக்குள் தண்ணீர் தேங்கும் அல்லவா? மூடி அந்தத் தண்ணீருக்குள் மூழ்கி நின்றால் பரல் அதையே உறிஞ்சும், மூடி இறுக்கமாக இருந்தாலும். மாமரத்தின் கீழ் வைத்தால் வெயில் குறையும் என்பது உண்மை, ஆனால் மழை குறையாது. தண்ணீர் டீசலைவிடப் பாரமானது, அடியில் போய் நிற்கும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக வழுவழுவென்று பாசி போலப் படியும். பில்டரை அடைப்பது அதுதான். எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்டர் பம்புக்குள் தண்ணீர் போனால் துரு பிடிக்கும். அந்தப் பம்பைத் திருத்தும் செலவில் பல போகத்துக்கு டீசல் வாங்கலாம்.

ஆகவே பரலை விடுங்கள். 20 அல்லது 25 லீற்றர் பிளாஸ்ரிக் கான் மூன்று வாங்குங்கள். எரிபொருளுக்கென்றே செய்த, வெளிச்சம் ஊடுருவாத, தடித்த கானாக இருக்கட்டும். பூச்சிமருந்து வந்த கான் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். கல்வனைஸ் வாளி, கல்வனைஸ் தாங்கி, செப்புக் குழாய் எதுவும் டீசலோடு சேரக்கூடாது. நாகமும் செம்பும் டீசலைக் கெடுக்கும். கானை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடுங்கள், வெக்கையில் டீசல் விரியும். வாங்கிய மாதத்தைக் கானில் எழுதி, பழையதை முதலில் பாவியுங்கள். கானுக்கு டீசல் அடிப்பார்களா என்று செட்டில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

கானை எங்கே வைப்பது? கூரை உள்ள, காற்றோட்டமான கொட்டிலில், சீமெந்துத் தரையில், பலகைக்கு மேல். குசினிப் பக்கம் வேண்டாம். கிணற்றடியில் வைக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அதில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மேலே ஊற்றியது கீழே இறங்கத் தடையில்லை. குடாநாட்டுக்கு வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நிலத்தடி நீரைத்தான். சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு தெரிந்ததே. அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் தீர்ப்பு வந்தது. உங்கள் பரல் சிறியதுதான். ஆனால் அடி துருப்பிடித்து ஒழுகத் தொடங்கினால் உங்கள் கிணற்றோடு அயலவர் கிணறும் போய்விடும். இதைப் படித்து முடித்தவுடன் பரலை அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள்.

சரி, எந்த டீசல் என்ற கேள்விக்கு வருவோம். அது உங்கள் எஞ்சினைப் பொறுத்தது. இந்தியாவில் இருந்து வரும் இந்த அளவு இயந்திரங்களில் பெரும்பாலும் பழைய முறை மெக்கானிக்கல் பம்ப்தான் இருக்கும். அதற்கு ஒட்டோ டீசல் போதும். சுப்பர் டீசலின் பெரிய வேறுபாடு, அதில் கந்தகம் மிகக் குறைவு என்பது. கந்தகம் எரியும்போது உண்டாகும் அமிலம் எஞ்சின் ஒயிலைக் கெடுக்கும், ஆகவே ஒட்டோ டீசல் அடிப்பவர் ஒயில் மாற்றுவதைத் தள்ளிப் போடக்கூடாது. கைநூலில் சொன்ன மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் முந்தியே மாற்றினால் நல்லது. மிகக் கூடிய அழுத்தத்தில், மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் கொமன் ரெயில் எஞ்சின் என்றாலோ, புகைக்குழாயில் கரி பிடிக்கும் வடிகட்டி இருந்தாலோ சுப்பர் டீசல்தான், பேச்சுக்கு இடமில்லை. கந்தகம் கூடிய டீசல் அந்த வடிகட்டியைக் கெடுத்துவிடும். உங்கள் கைநூலில் எரிபொருள் பற்றிய பக்கத்தில் கந்தகத்தின் உச்ச அளவு போட்டிருக்கும், அதுதான் கடைசி வார்த்தை.

மண்ணெண்ணெய் வேண்டாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள், அதனால் டீசலிலும் கலக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெற்றோல் எஞ்சின், அதில் இந்தப் பம்ப் இல்லை. டீசல் பம்புக்குள் உருக்குத் தண்டு ஒன்று உருக்குக் குழலுக்குள் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த இடத்துக்கு ஒயில் டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது, தண்டு தேயும். குளிர் நாட்டுக் காணொளிகளில் கலக்கச் சொல்வது பனியில் டீசல் உறையாமல் இருக்க. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பெற்றோல் கலப்பது இன்னும் மோசம். கொஞ்சம் சேர்ந்தாலே டீசலின் ஆவி சுலபமாகத் தீப்பற்றும்.

பரலில் மிச்சம் இருக்கும் டீசலை உடனே ஊற்றிவிட வேண்டாம். பரலை ஒருநாள் ஆட்டாமல் விட்டு, அடிவரை குழாய் இறக்கி ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுங்கள். அதை இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் நல்லது. மங்கலாக இருந்தாலோ அடியில் முத்து முத்தாக நின்றாலோ தண்ணீர். தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் புளித்த மணம் அடித்தால், கறுப்பாக ஏதாவது மிதந்தால், அதை இயந்திரத்துக்கு ஊற்றவே கூடாது. நன்றாக இருந்தால் அடியில் நான்கு விரல் அளவு விட்டு மேலே உள்ளதை எடுத்து, ஒரு பங்குக்குப் புது டீசல் மூன்று பங்கு சேர்த்து, மெல்லிய வலை போட்ட புனலால் வடித்து ஊற்றி முடியுங்கள். அடியில் நிற்பதை மண்ணில் கொட்டாமல் கானில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராச்சில் கொடுங்கள்.

தாங்கியில் கிடப்பதையும் இதே மாதிரி பாருங்கள். பில்டர் கிண்ணம் கண்ணாடி மாதிரி இருந்தால் அதற்குள் ஒரு சிவப்பு வளையம் கிடக்கும். தண்ணீர் சேர்ந்தால் வளையம் மேலே எழும், பார்த்தவுடன் தெரியும். கிண்ணத்தைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, பில்டரை மாற்றி, டீசல் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுத்துவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். இனி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பின்னேரமே தாங்கியை நிரப்பி விடுங்கள், வெறும் இடம் குறைந்தால் இரவில் ஈரம் படியவும் இடம் குறையும்.