யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லையே, கிணறுகளுக்கு நீர் எங்கிருந்து வருகிறது?

குடாநாட்டின் உட்பகுதியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் வடக்குக் கடற்கரையில் உள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற கதை உண்மையா, முன்னோரின் அறியாமையா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், வெளிநாட்டில் வளர்ந்து, விடுமுறைக்கு வந்த இடத்தில் உறவினர் யாரோ நிலாவரைக்கு அழைத்துச் சென்று இந்தக் கதையைச் சொல்ல, கேட்டுச் சிரித்துவிட்டுப் போனவர் போலத் தெரிகிறது. அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுத வைத்தது. நான் புவிச்சரிதவியல் படித்தவன் அல்லன். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண்ணில் பிறந்து, அங்கேயே விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே பட்டத்தைக் காட்டு என்று யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் கிணற்று நீர் முழுவதும் எங்கள் நிலத்தில் விழுந்த மழைநீரே. இந்தியாவிலிருந்தோ குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியிலிருந்தோ நிலத்துக்கு அடியால் ஆறு எதுவும் வருவதில்லை. (வழுக்கையாறு இருக்கிறதே என்பீர்கள், அது மாரியில் மட்டும் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஓடை.) ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் ஒரு பகுதி செம்மண்ணைத் தாண்டிக் கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறது. அந்தக் கல் மயோசின் காலத்தில், அதாவது இன்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடலடியில் படிந்தது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை அமைந்ததே இந்தக் கல்லை நம்பித்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகி, கல்லின் வெடிப்புகளை மெல்ல மெல்ல அரித்து அகலமாக்கி, இறுதியில் குகைகளாக்கிவிடுகிறது. நிலாவரையும் அவ்வாறு கரைந்து இடிந்த ஒரு குழிதான். இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்ற ஐதீகத்தை நான் பழிக்கவில்லை. அது கோயில் வாசலில் சொல்ல வேண்டிய கதை, நான் இங்கே கல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த படியை. கல்லின் அதே வெடிப்புகளால் கடல்நீரும் உள்ளே வருகிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரை விட ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதல் என்பதால், மழைநீர் அதன் மேல் மிதக்கிறது. அப்பத்தைப் போல நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் கிடக்கிறது. கணக்கு எளிமையானது: நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். ஒல்லாந்து நாட்டு கைபனும் 1901இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்த விதி இது. நிலாவரையில் மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருப்பது இதனால்தான்.

எலுமிச்சம்பழம் மிதக்கும் பொருள். கிணற்றின் அடியில் எந்தக் குகை எங்கே போனாலும் அது மேலேயே நிற்கும். ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தாண்டிக் கீரிமலைக்குப் போகாது. ஆனால் நிலத்தடி நீர் கல்லுக்குள் கடலை நோக்கி நகர்கிறது, கரையில் கீரிமலை போன்ற இடங்களில் ஊற்றாக வெளிவருகிறது என்பது உண்மை. கதை சொன்னவர்கள் பழத்தைப் பற்றித் தவறாகவும் நீரைப் பற்றிச் சரியாகவும் சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பதற்கு முன் இதைக் கவனித்திருக்கலாம்.

என் மைத்துனர் கவனிக்கவில்லை. கடும் கோடை ஒன்றில் அவருடைய வெங்காயத் தோட்டத்துக் கிணறு இறைப்பு முடியுமுன்பே வற்றத் தொடங்கியது. குழாய்க்கிணறு அடிப்பவர் ஒருவர் வந்து, இன்னும் ஆழம் போனால் வற்றாத ஊற்று இருக்கிறது என்றார். கீழே இருப்பது கடல் என்று நான் சொன்னேன். “அத்தான், பாடப்புத்தகத்தைப் படலையில் வைத்துவிட்டு வாருங்கள்” என்றார் மைத்துனர். சொல்லால் பயனில்லை என்று ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, தக்கையை இழுக்க இன்னொரு நூலும் கட்டி, கிணற்றின் அடியில் இறக்கித் தக்கையை இழுத்து நீர் எடுத்தேன். மேல்நீரையும் தனியாக எடுத்தேன். இரண்டிலும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது, மேல்நீர் இலேசாகப் பால் நிறம் காட்டியது. அடிநீரில் தயிர்க்கட்டி போன்ற வெள்ளை வீழ்படிவு இறங்கியது. உப்பில் உள்ள குளோரைட்டு எங்கே கூடுதல் என்பதை மைத்துனர் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டும் துளைத்தார், ஏனெனில் முற்பணம் கொடுத்தாயிற்று.

முதலில் நல்ல நீர்தான் வந்தது. பிறகு தேநீர் கரித்தது; வெங்காயத் தாள்களின் நுனி கருகியது. வலுவான மோட்டர் ஓரிடத்தில் நீரை இழுக்கும்போது, அந்த இடத்துக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக மேலெழும். துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் இது பெரிதாக நடக்கவில்லை. முன்னோரின் ஞானம் என்று நான் பெருமை பேசப்போவதில்லை. மனிதக் கால்களால் அதற்கு மேல் இறைக்க முடியவில்லை, அவ்வளவுதான். குழாயை அடைத்து, இறைப்பைக் குறைத்து, சில மாரிகள் கழிந்த பிறகே அந்தக் கிணறு ஓரளவு தேறியது.

இதில் மைத்துனரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. நீர்வட்டம் என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிய படத்தில் மலை இருந்தது, மலையிலிருந்து ஆறு இறங்கியது. குடாநாட்டில் இரண்டும் இல்லை. என் மாணவி ஒருத்தி தட்டை நிலம், கிணறு, சுண்ணாம்புக்கல், அதன் கீழ் உவர்நீர் என்று வரைந்திருந்தாள். வெளியிலிருந்து வந்த திருத்துநர் புள்ளியைக் குறைத்தார். அவரிடமிருந்த மாதிரி விடையில் மலை இருந்ததாம். காலடியில் இருப்பதைப் படமாக வரையக் கூடாதென்றால், கிணறு தோண்டும்போது மட்டும் அது எப்படி நினைவுக்கு வரும்?

“நானும் குழாய்க்கிணறு அடித்தேன், எனக்கு நல்ல நீர்தான்” என்று கீழே எழுதப்போகிறவர்கள், உங்கள் காணி கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நடுப்பகுதியில் நன்னீர்ப் படை தடிப்பு. அங்கே கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். மார்கழியில் குடித்துப் பார்த்துவிட்டு எழுதாமல், ஆவணிக் கடைசியில், மோட்டர் நெடுநேரம் ஓடிய பிறகு குடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.